ஒரே நாளில் விட்டுவிடாதீர்!

சென்ற தவக்காலம் தொடங்குவதற்கு மூன்று நாள்களுக்கு முன்பு, ஞாயிறு இரண்டாம் பூசையை முடித்துத் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், எழுபது வயதை நெருங்கியவர், தயங்கியபடியே உள்ளே வந்தார். கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சாமி, பதினைந்து வருஷமாக இதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். இந்தத் தவக்காலத்தில் கறியை விடுவதற்குப் பதில் இதை விடுவதாக நேர்ந்திருக்கிறேன். புதன்கிழமை தொட்டு ஒன்றுகூடப் போடமாட்டேன். நல்லபடியாக முடிய ஆசீர்வாதம் தாருங்கள்” என்றார்.

நான் ஆசீர் அளிக்கவில்லை. “அம்மா, புதன்கிழமை அதை விடக்கூடாது. செவ்வாய் இரவு எவ்வளவு எடுப்பீர்களோ அவ்வளவையே புதன் இரவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மருத்துவரைப் பார்ப்போம்” என்றேன்.

அவர் திகைத்துப் போனார். திகைப்பதற்குக் காரணம் உண்டு. குடியையும் புகையையும் குறித்து நான் பேசும்போதெல்லாம், நாளை என்று நாள் குறிக்காதீர், இன்றே விடுங்கள் என்று முழங்கியவன். (நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் மருத்துவரின் துணையின்றித் திடீரென நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதைப் பின்னரே கற்றுக்கொண்டேன். அந்த முழக்கத்தில் பாதியை இப்போது குறைத்துவிட்டேன்.) அத்தகையவன், ஒரு மூதாட்டி தாமாக முன்வந்து ஒன்றைத் துறக்கிறேன் என்கையில் வேண்டாம் என்றால் அவர் என்ன நினைப்பார்! ஆதலின் அவரை நாற்காலியில் அமரச் செய்து, அதுவரை பங்கில் ஒருவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். அவர் நேர்ந்துகொண்ட அதே நேர்ச்சையை 2022ஆம் ஆண்டு நானும் நேர்ந்துகொண்டேன். அதன் விளைவையே இங்கு எழுதுகிறேன். இப்போது எழுதத் துணிந்ததற்குக் காரணம், அவ்வம்மையாரைப் போன்றோர் நம் குடும்பங்களில் ஒருவர் இருவர் அல்லர் என்பதே.

பத்து இரவுகள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். அப்போது நான் ஒரு கடற்கரைப் பங்கில் இருந்தேன். குருப்பட்டம் பெற்று ஏழாண்டுகளே ஆகியிருந்தன. ஆழிப்பேரலை வந்துபோன பின் எங்கள் ஊரில் கண்டவற்றை இங்கு விரிக்கப் போவதில்லை. அடக்கச் சடங்கின் மன்றாட்டை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல அவகாசமில்லாமல், ஒரே குழியின் கரையில் நின்று எல்லாருக்குமாக ஒருமுறை சொன்னேன் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். அதன்பின் எனக்கு உறக்கம் அற்றுப்போயிற்று. கண்ணை மூடினால் நீர் ஏறும் ஓசை கேட்கும்.

நிவாரண முகாமுக்கு வந்திருந்த மருத்துவர் ஒருவர் அல்பிரசோலம் என்னும் மாத்திரையை, 0.5 மில்லிகிராம் அளவில், பத்து இரவுகளுக்கு எழுதித் தந்தார். அவர்மீது எள்ளளவும் குறையில்லை. பத்து என்றுதான் எழுதினார். அந்தப் பத்து இரவுகளைப் பதினேழு ஆண்டுகளாக்கியவன் நானே.

மாத்திரை தன் வேலையைச் செவ்வனே செய்தது. உறங்கினேன், மறுநாள் எழுந்து கூடாரம் கூடாரமாய்ச் சென்று மக்களுக்கு ஆறுதல் கூற முடிந்தது. பத்தும் தீர்ந்த இரவில் உறக்கம் வரவில்லை. மருந்துக் கடைக்குச் சென்றேன். “சாமிக்குச் சீட்டு எதற்கு?” என்று கடைக்காரர் இன்னோர் அட்டையை எடுத்து நீட்டினார். மரியாதையின் பேரில் நமக்குச் செய்யப்படும் தீமைகளுள் இதுவும் ஒன்று. 2014 மார்ச்சு முதல் அல்பிரசோலம், டயசிபாம் போன்ற மருந்துகளை எச்-1 அட்டவணையில் சேர்த்து, மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது, விற்றதைத் தனி ஏட்டில் பதிந்து மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று நடுவண் அரசு விதித்தது. எனினும் பங்குகள் மாற மாற, சீட்டுக் கேட்காத கடை ஒன்று எனக்கு எவ்வூரிலும் கிடைத்துக்கொண்டேயிருந்தது.

சில ஆண்டுகளில் பிற்பகல்தோறும் இனம்புரியாத படபடப்பு எழலாயிற்று. பயம் மீண்டும் வந்துவிட்டது என எண்ணிக் காலையிலும் ஒன்று சேர்த்துக்கொண்டேன். உண்மை வேறு. அல்பிரசோலம் உடலில் நெடுநேரம் தங்குவதில்லை. ஏறத்தாழ பதினொரு மணி நேரத்தில் குருதியிலுள்ள அதன் அளவு பாதியாகிவிடும். இரவு மாத்திரை இறங்கிய வேளையில் உடல் அடுத்ததைக் கேட்டது. அந்தக் கேள்வியைத்தான் நான் பயம் என்று பெயரிட்டு அழைத்தேன். இப்படியாக நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் என்னும் கணக்கு நிலைத்துவிட்டது.

மருந்தைப் பழிக்க நான் எழுதவில்லை. இவ்வகை மருந்துகளின் முன்னோடியைக் கண்டறிந்தவர் அமெரிக்காவில் ரோஷ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக். அது லிப்ரியம் என்ற பெயரில் 1960இலும், அதன் தம்பியாகிய வேலியம், அதாவது டயசிபாம், 1963இலும் விற்பனைக்கு வந்தன. அதற்குமுன் உறக்கத்துக்கெனப் பயன்பட்ட பார்பிச்சுரேட்டுகள் அளவு சற்று மிகுந்தாலும் மூச்சை நிறுத்தவல்லவை. அவற்றோடு ஒப்பிட, புதியவை பாதுகாப்பானவையாகத் தோன்றியதில் வியப்பில்லை. வலிப்பைத் தணிக்கவும், அறுவைக்கு முன் அச்சம் நீக்கவும், குடி நிறுத்துவோரைக் காக்கவும் இன்றும் அவை வேண்டும். இடர் விளைவது மருந்தாலன்று, நாள் கணக்கால். இங்கிலாந்தில் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் கொடுக்கலாகாது என்று 1988இலேயே அறிவுறுத்திவிட்டது. நானோ வாரங்களை எண்ணவேயில்லை.

திருநீற்றுப் புதன்

2022 மார்ச்சு 2, திருநீற்றுப் புதன். அன்று மறையுரைக்கு ஆயத்தம் செய்கையில், மக்களுக்குத் துறவு போதிக்கும் நான் எதைத் துறக்கிறேன் என்ற கேள்வி என்னைக் குத்தியது. மேசை அறையிலிருந்த மாத்திரை அட்டைகள் அனைத்தையும் வாரிக் கழிவறையில் கொட்டினேன். மனத்தில் ஒரு வீரம்! அந்த வீரம் சரியாக முப்பது மணி நேரம் நீடித்தது.

வியாழன் இரவு உறக்கமில்லை. அது எதிர்பார்த்ததே. ஆனால் வெள்ளி காலை பூசை மணி அடித்தபோது, அவ்வோசை காதில் அன்று, மண்டையோட்டுக்குள்ளேயே அடித்தது போலிருந்தது. வேர்வை ஆறாய்ப் பெருகிற்று. மாலை சிலுவைப் பாதையின்போது கோவில் தரை ஒரு பக்கம் சாய்வதாகத் தோன்றி, ஒவ்வொரு தலத்திலும் தூணைப் பற்றிக்கொண்டு நின்றேன். விளக்கொளி ஊசியாய்க் கண்ணில் குத்தியது. உதடுகளில் எறும்பு ஊர்வதாக ஓர் உணர்வு. இவையெல்லாம் என் பாவங்களுக்கான தண்டனை, பொறுத்துக்கொள்வதே தவம் என்று எண்ணினேன். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற அறிவு அவ்வேளையில் எனக்குத் துணைநிற்கவில்லை, எதிராகவே நின்றது.

ஞாயிறு வந்தது. தவக்கால முதல் ஞாயிறு. கோவில் நிறைந்த மக்கள். எழுந்தேற்றத்தின்போது இரசக் கிண்ணத்தை உயர்த்துகிறேன், இரு கைகளும் வெடவெடவென நடுங்குகின்றன. சில துளிகள் சிந்தி வெண்துகிலை நனைத்தன. மணியடிக்க வேண்டிய பீடச் சிறுவன் அடிக்க மறந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை எங்கள் குசினிக்காரர், பல்லாண்டுப் பழக்கத்தின் உரிமையோடு, கதவருகில் நின்று சொன்னார்: “சாமி, வெளியே பேசிக்கொள்கிறார்கள். சாமிக்குக் குடிப் பழக்கம் உண்டோ என்று கேட்கிறார்கள். நான் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.” இல்லை என்று மறுக்க எனக்கு நாவெழவில்லை. குடிக்கவில்லைதான். ஆனால் கை நடுங்கியது ஏனென்று சொல்ல வேண்டுமானால் மாத்திரையைச் சொல்லவேண்டும். எத்தனை குடிகாரரின் மனைவியர் என் முன்னிலையில் அழுதிருப்பர். அக்கணவன்மாரை எத்துணைக் கடுமையாக ஏசியிருப்பேன்! ஒளித்து வைத்து உட்கொள்ளும் ஒன்று எனக்கும் இருந்தது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அவரே வாடகைக் கார் பிடித்து என்னை மாவட்டத் தலைநகருக்கு அழைத்துச் சென்றார். மனநல மருத்துவர் என்னைவிட இருபது வயது இளையவர், பெண்மணி, நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். எத்தனை ஆண்டுகள், எவ்வளவு, குடிப்பதுண்டா, வலிப்பு வந்ததா என்று மளமளவெனக் கேட்டார். நேர்ச்சையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. “வலிப்பு வராமல் தப்பியது நல்ல வேளை, ஃபாதர்” என்று கூறி, நான் கழிவறையில் கொட்டிய அதே மாத்திரையைச் சீட்டில் எழுதினார்.

“தவக்கால நேர்ச்சையை நான் முறிப்பதா?” என்று கேட்டேன்.

“நேர்ச்சையைப் பற்றி எனக்குத் தெரியாது. இன்றிரவு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். விடுவதைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம்.”

கயிறு இழுக்கும் போட்டி

ஒரு மாதம் கழித்து, உடல் பழைய நிலைக்குத் திரும்பியபின், எனக்கு நேர்ந்தது என்னவென்று அவர் விளக்கினார். நான் புரிந்துகொண்ட வகையில் சொல்கிறேன்.

நம் மூளையில் நரம்புகளைத் தட்டி எழுப்பும் வேதிப்பொருள்களும் உண்டு. தட்டி உறங்கச் செய்பவையும் உண்டு. உறங்கச் செய்வதில் முதன்மையானது காபா எனப்படுவது. அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம் ஆகிய இவை யாவும் அந்தக் காபாவின் கைக்கு வலுவூட்டுகின்றன. நம் பங்குத் திருவிழாவில் கயிறு இழுக்கும் போட்டி நடக்குமல்லவா? ஒரு பக்கத்தில் நாள்தோறும் ஒரு பலசாலி வந்து சேர்ந்துகொண்டால் மறுபக்கத்தார் என்ன செய்வர்? அவர்களும் குதிகாலை மணலில் ஊன்றி முன்னிலும் வலுவாக இழுக்கப் பழகுவர். ஆண்டுகள் பல இப்படிப் பழகியபின், ஒருநாள் அந்தப் பலசாலி கயிற்றைச் சட்டென விட்டுவிட்டுப் போனால் மறுபக்கத்தார் அனைவரும் மல்லாந்து விழுவர். என் கைகள் நடுங்கியதும், தரை சாய்ந்ததும், மணியோசை மண்டையைப் பிளந்ததும் அந்த வீழ்ச்சியே. இதில் மனவலிமைக்கோ இறைநம்பிக்கைக்கோ இடமில்லை. புனிதரே ஆயினும் நரம்பு நரம்புதான்.

பலசாலி சிறிது சிறிதாகப் பிடியைத் தளர்த்தினால், மறுபக்கத்தாரும் அதற்கேற்பத் தளர்ந்து நிமிர்ந்து நிற்பர். சிகிச்சை என்பது அவ்வளவுதான். ஆனால் ‘சிறிது சிறிதாக’ என்ற சொல்லின் பொருள் நாம் நினைப்பதன்று. வாரத்துக்கு ஒரு பாதி என்று இரண்டே வாரத்தில் முடித்துவிடலாம் என நான் எண்ணினேன். மருத்துவர் ஓராண்டுக்கு மேலாகும் என்றார். முகம் சுளித்தேன்.

அவர் சொன்னதற்கு ஆதாரமான அனுபவம் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தது. ஹெதர் ஆஷ்டன் என்னும் மருத்துவப் பேராசிரியை, இம்மாத்திரைகளை விட விரும்புவோர்க்கென 1982 முதல் 1994 வரை அங்கு ஒரு மருத்துவமனைப் பிரிவை நடத்தினார். அக்காலத்தில் நோயாளர் தம் துன்பத்தைச் சொன்னால், பழைய பதற்றம் திரும்பிவிட்டது என்று கூறி மருந்தைக் கூட்டியோர் பலர். அவரோ நோயாளரின் பேச்சைப் பன்னிரண்டாண்டுகள் பொறுமையாகக் கேட்டார். எந்த வேகத்தில் குறைத்தால் மனிதர் தாங்குவர் என்பதை அவர்களிடமிருந்தே கற்று நூலாக எழுதி வைத்தார். 2019இல் மறைந்தார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இவ்வகை மருந்துகள் அனைத்தின் குறிப்புத் தாளிலும் அடிமைநிலை, திடீர் நிறுத்தம் ஆகியவை பற்றிய கடும் எச்சரிக்கையை அச்சிடுமாறு 2020இல்தான் ஆணையிட்டது என்பதை நோக்க, அவ்வம்மையார் எவ்வளவு முன்னே நடந்தார் என்பது விளங்கும். 2025இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டுதலும், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போதைய அளவில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைப்பதில் தொடங்கலாம் என்றே கூறுகிறது. ‘அப்போதைய அளவில்’ என்பதைக் கவனிக்க வேண்டும். அளவு இறங்க இறங்க, குறைக்கும் துணுக்கும் சிறுத்துக்கொண்டே போகவேண்டும்.

நாட்காட்டியின் பின்புறம்

எனக்கு அவர் வகுத்த வழியைச் சொல்கிறேன். இதைப் பார்த்து எவரும் தமக்கு அளவு குறித்துக்கொள்ள வேண்டா. ஆளுக்கு ஆள், மருந்துக்கு மருந்து கணக்கு மாறும்.

அல்பிரசோலம் விரைவாக ஏறி விரைவாக இறங்குவது. அதன்மேல் நின்று இறங்குவது ஆட்டம் காணும் ஏணியில் இறங்குவதை ஒக்கும். எனவே நாள்கணக்கில் உடலில் தங்கும் டயசிபாமுக்கு என்னைச் சில வாரங்களில் மெல்ல மாற்றினார். முதலில் இரவு மாத்திரையை, பிறகு காலை மாத்திரையை. என் 1 மில்லிகிராம் அல்பிரசோலத்துக்கு ஈடாக 20 மில்லிகிராம் டயசிபாம் வந்து நின்றது. 2022 ஜூன் மாதம் குறைப்பு தொடங்கிற்று. மூன்று வாரத்துக்கு 2 மில்லிகிராம் வீதம் குறைத்து, செப்டம்பர் நடுவில் 10க்கு வந்தேன். அதன்பின் ஒவ்வொரு மில்லிகிராமாக. மறைமாவட்ட நாட்காட்டியின் பின்புறத்தில் கட்டம் போட்டு நாள்தோறும் எழுதினேன்: எத்தனை மணிக்கு உறங்கினேன், எத்தனை மணிக்கு விழித்தேன், நடுக்கம் உண்டா, காப்பி எத்தனை. காப்பி மூன்றிலிருந்து ஒன்றானது. அதுவும் காலையில் மட்டும். உறக்கம் வராவிடில் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்கார்ந்துவிட வேண்டும், எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலை ஒரே நேரத்தில் எழவேண்டும் என்பது அவர் விதித்த மற்றொரு நியமம். பூசை நேரம் இருப்பதால் இரண்டாவதில் எனக்குச் சிரமமில்லை.

ஒவ்வொரு முறை குறைத்ததும் மூன்றாம் நாள் தொடங்கி ஒரு வாரம் சிறு அலைக்கழிப்பு இருக்கும். பிறகு கடல் அமரும். அது அமர்ந்தபின்னரே அடுத்த படி. அமராவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் நின்றது அவ்வாண்டு டிசம்பரில், 7 மில்லிகிராமில். கிறிஸ்து பிறப்பு நெருங்க நெருங்கப் பழைய நீரோசை மீண்டும் கேட்டது. மருந்து குறைந்ததன் விளைவு இது என்றே முதலில் கருதினேன். ஆனால் இது வேறு. டிசம்பர் 26 காலை பூசையில், இறந்தோர்க்கான மன்றாட்டைச் சொல்லத் தொடங்கியபோது அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. பதினெட்டு ஆண்டுகளில் அவர்களுக்காக நான் அழுததேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குழியின் கரையில் அழவில்லை. பிறகு அழ முடியாதபடி மாத்திரை பார்த்துக்கொண்டது. பூசையை முடிக்க ஐந்து மணித்துளி ஆயிற்று. மக்கள் காத்திருந்தனர். அன்று என் கை நடுங்கியதை எவரும் குடி என்று கூறவில்லை.

மருத்துவர் இரண்டு மாதம் அளவை அசைக்கவில்லை. உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் வாரந்தோறும் அனுப்பினார். அக்கரையில் நடந்ததை முதன்முறையாக ஒரு மனிதரிடம், ஒவ்வொரு பெயராக, சொல்லி முடித்தேன். பிறகு 6, 5, 4 என்று இறங்கினேன். கடைசிப் படிகள்தாம் கடினம். 2 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, பிறகு கால். அந்தக் காற்பங்கினால் மருந்தாக என்ன பயன் என்று அறிவு கேட்கும்; அதையும் விட உடல் அஞ்சும். 2023 ஆகஸ்டு 15, விண்ணேற்பு அன்னையின் திருநாளில் முடிப்பது என்று நானாக நாள் குறித்திருந்தேன். பழைய வீரம் முற்றும் ஒழிந்தபாடில்லை! உடல் இணங்கவில்லை. செப்டம்பரில், எந்தத் திருநாளும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, மாத்திரையில்லாமல் படுத்தேன். நான்கு மணி நேரம் உறங்கினேன். அது போதுமானதாக இருந்தது.

இல்லத்தாருக்குச் சில சொற்கள்

இப்போது பங்கு மக்களில் பலர் மாத்திரை அட்டைகளோடு என்னிடம் வருகின்றனர். அவ்வகையில் நான் கண்ட சிலவற்றை எழுதாமல் விட மனமில்லை.

தியானக் கூட்டம் ஒன்றில், விசுவாசம் உள்ளவருக்கு மாத்திரை எதற்கு என்று போதகர் ஒருவர் கேட்க, மீனவப் பெண் ஒருவர் மேடையருகே போய்த் தம் மாத்திரைகளை வீசியெறிந்தார். மூன்றாம் நாள் வலிப்பு வந்து சமையலறையில் விழுந்தார். அடுப்பின்மேல் விழாமற் போனது இறைவன் செயல். மன்றாடுங்கள், நோன்பிருங்கள், ஆனால் இறைவனின் பெயரால் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்தக் குருவுக்கும் எந்தப் போதகருக்கும் இல்லை. பதற்றத்துக்கும் சோர்வுக்கும் தரப்படும் எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றையும் திடீரென நிறுத்தலாகாது. வலிப்பு நோய்க்காகக் குளோனசிபாம் உட்கொள்வோர் குறைப்பதைப் பற்றிச் சிந்திப்பதற்கு முன்பே அந்த மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

நம் நாட்டில் ஒரே மாத்திரையில் இரு மருந்துகளைச் சேர்த்து விற்பது மிகுதி. எஸ்சிடாலோபிராமும் குளோனசிபாமும் இணைந்தது ஒன்று. இதைப் பாதியாக உடைத்தால் இரண்டும் பாதியாகும். ஒன்றை நிலையாக வைத்து மற்றதைக் குறைக்க இயலாது. அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் பிரித்துத் தருவார்.

முதியோர் இதை உட்கொண்டு நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, கால் தடுமாறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடப்பதை எத்தனையோ இல்லங்களில் பார்க்கிறேன். நோயில்பூசுதல் வழங்கச் சென்றால் தலைமாட்டில் அந்த அட்டை இருக்கிறது. மறதி கூடிவிட்டது, வயதாகிவிட்டது என்பர். வயதின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று கேட்பாரில்லை. அதே வேளையில், தாத்தாவின் மாத்திரையைப் பேரப்பிள்ளைகள் பிடுங்கி ஒளித்து வைப்பதும் கூடாது. இம்மாத்திரையோடு மதுவோ, வலிக்கான அபின் வகை மருந்தோ, கோடீன் கலந்த இருமல் மருந்தோ சேருவது மூச்சை அடக்கிவிடலாம். இதை மட்டும் கண்டிப்புடன் தடுங்கள்.

குறைத்துக்கொண்டிருப்பவரிடம், “இன்னுமா விடவில்லை?” என்று கேட்காதீர். என் குசினிக்காரர் பதினெட்டு மாதங்களில் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை. நான் இரவு உலவினால், அவரும் எழுந்து வந்து திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டு அமர்ந்திருப்பார். சிலர்க்கு முழுதும் விடுவது தகாது, குறைந்த அளவில் நிற்பதே நலம் என மருத்துவர் முடிவு செய்வதும் உண்டு. அவர்களைக் குறைந்தவராக எண்ண வேண்டா.

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, செலவில்லை. 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால், 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம். அங்கெல்லாம் போவதை எவராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பரோ என்று தயங்குபவருக்கு ஒன்று சொல்வேன். என்னை அங்கே பார்த்தவர்களுள் இருவர் என் பங்கு மக்கள். அவர்களும் சீட்டு வாங்கத்தான் வந்திருந்தனர்.

நிற்க. அந்த ஆசிரியையை மறந்துவிடவில்லை. திருநீற்றுப் புதன் பூசைக்கு வந்து, நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, இரவு வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் மருமகளோடு மருத்துவரிடம் சென்றார். அவருடையதும் இரட்டை மருந்து மாத்திரைதான். பிரித்து எழுதித் தந்திருக்கிறார்கள். குளோனசிபாம் இதுவரை ஏறத்தாழப் பாதியாகியிருக்கிறது. மாத்திரையை ஒழுங்காக வெட்டும் சிறு கருவி ஒன்றை மருமகள் வாங்கித் தந்திருக்கிறாராம். கடந்த ஞாயிறு மீண்டும் வந்து, “இப்போதாவது ஆசீர்வாதம் உண்டா, சாமி?” என்றார். தலைமேல் கை வைத்து ஆசீர் அளித்தேன்.

“நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து முதல் பூசைக்கே வந்துவிடுகிறேன். ஆனால் பிரசங்கத்தின்போதுதான் கண்ணைச் சுழற்றுகிறது” என்று குறைபட்டுக்கொண்டார். அதை நானும் பீடத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.